திருநீறு போட்டுத் துடைத்த முகங்கள்

என் அம்மாவின் முகம் எனக்குத் தெரியாது. மேலகரத்தில் அண்ணன் வீட்டு முன்னறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் முகம் அம்மாவுடையது இல்லை. அது ஸ்டுடியோக்காரர் வரைந்தது. யாருடைய கல்யாணத்திலோ எடுத்த கூட்டப் படத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருந்த தலையைப் பெரிதாக்கி, கலங்கிப் போன இடத்தில் எல்லாம் தூரிகையால் கண்ணும் மூக்கும் உதடும் எழுதிச் சேர்த்திருக்கிறார். அந்த உதடு மெல்லச் சிரிக்கிறது. அந்த ஸ்டுடியோவில் இறந்துபோன பெண்கள் எல்லோருக்கும் ஒரே உதட்டைத்தான் வைத்தார்கள். பக்கத்துத் தெருவில் வேறொரு வீட்டுப் படத்திலும் அதே சிரிப்பைப் பார்த்திருக்கிறேன்.

அம்மா காய்ச்சலில் போனபோது எனக்கு மூன்று வயது. அண்ணனுக்குப் பத்து. அவன் என்னைவிட மூத்தவன், போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. இந்தக் கதையை எழுதும்போது அந்த மரியாதை எனக்கு வரவில்லை, அவனை மன்னிக்கவும் மாட்டேன்.

அப்பா ஒரு பெட்டி கேமரா வைத்திருந்தார். நிறையப் படம் எடுத்திருக்கிறார். அவற்றில் அம்மா இருந்தது ஒன்றுகூட வீட்டில் இல்லை. காரணம், அப்பாவின் அக்கா. தாயில்லாத பிள்ளைகள் தாயின் படத்தைப் பார்த்தால் ஏங்கிப்போய் உடம்பு தேறாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அத்தை பதினாறாம் நாள் முடிந்த கையோடு ஆல்பத்தைப் பிரித்து, அம்மா இருந்த படங்களை எல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டாள். நெகட்டிவ்கள் தப்பின. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கறுத்த முகமும் வெள்ளை முடியுமாகப் பேய் மாதிரித் தெரிவதைப் பார்த்து எந்தப் பிள்ளை ஏங்கும் என்று அத்தை நினைத்திருப்பாள். பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி, அப்பா அவற்றை பீரோவுக்கு மேலே வைத்தார். அதற்குப் பிறகு அவர் கேமராவையும் தொடவில்லை, அம்மாவைப் பற்றியும் பேசவில்லை.

ஆகவே அம்மா என்பவள் அண்ணன் வாயில்தான் இருந்தாள். அவன் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டான். நான் கோபக்காரி. பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கிறேன், பிள்ளைகள் எனக்கு மிளகாய்ப்பொடி என்று பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியும். என் குரல் ஒரு படி உயர்ந்தால் போதும், அண்ணன் சுவரில் இருக்கும் படத்தைக் கையால் காட்டுவான்.

"அம்ம இருந்த இருப்பென்ன, நீ ஆடுத ஆட்டமென்ன? ஒருத்தரப் பாத்து அதட்டிப் பேசிருக்காளா அவ? யாரக் கொண்டு பொறந்தியோ!"

எதிர்த்துப் பேசினால் அடுத்த அடி தயாராக இருக்கும். "ஒனக்கு என்னட்டி தெரியும்? நீ மூணு வயசுப் பிள்ள. எனக்குத்தான் எல்லாம் தெரியும்."

அதுதான் அவனுடைய கடைசி வார்த்தை. அவன்மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் வருடா வருடம் திதிக்குப் போய், இலையில் உட்கார்ந்து, அம்மா எப்படி நடப்பாள், எப்படிக் கூப்பிடுவாள் என்று கேட்பேன். அவன் பொறுமையாக, ஊறுகாய் வைப்பதுபோல் கொஞ்சமாக எடுத்து வைப்பான். மெதுவாக நடப்பாளாம். மெதுவாகக் கூப்பிடுவாளாம். சிரித்த முகமாம். நான் அதை வாங்கிக்கொண்டு திரும்பி வருவேன்.

அப்பா போன பிறகு அந்த வீட்டில் நான் கேட்டது அந்த டப்பா ஒன்றைத்தான். அண்ணன் தரவில்லை. "வீட்டுச் சாமான் வீட்லதான் இருக்கணும்" என்றான். ஒரு நாளைக்குக் கொடு, படமாக்கிக்கொண்டு திருப்பித் தருகிறேன் என்றேன். "இங்கன வச்சே செய்யி" என்றான். இங்கே வைத்துச் செய்கிறேன் என்று வந்து நின்றால் பீரோ சாவி மதினியிடம் இருக்கிறது என்பான். மதினியைக் கேட்டால் அண்ணனிடம் இருக்கிறது என்பாள். டப்பா இருந்தது பீரோவுக்கு மேலே. அதற்கு எதற்குச் சாவி என்று கேட்டதற்கு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

டப்பா கைக்கு வருவதற்கு முன்பே அதற்கு வேண்டியதை எல்லாம் நான் வாங்கிச் சேர்த்திருந்தேன். வெள்ளைப் பருத்திக் கையுறை. ஊதினால் தூசி மட்டும் பறக்கும் ரப்பர் பல்பு. மூடிக்குள் விளக்கு உள்ள ஸ்கேனர் ஒன்று, ஏற்கெனவே யாரோ உபயோகித்ததுதான். சாதாரண ஸ்கேனரில் நெகட்டிவை வைத்தால் கறுப்புச் சதுரம் மட்டும்தான் வரும். வெளிச்சம் படத்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் போக வேண்டும். பிலிமை ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும், விரல் ரேகை பட்டால் போகாது, வாயால் ஊதக்கூடாது, எச்சில் தெறிக்கும். பளபளப்பான பக்கம் ஓரளவு தாங்கும். மங்கலான பக்கத்தில்தான் படம் இருக்கிறது, அதைத் துணியால்கூடத் தொடக்கூடாது. இதை எல்லாம் நான் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். பிலிமில் படமாக இருப்பது வெள்ளிதான், ஜெலட்டின் என்கிற பசைக்குள் பொடிப்பொடியாக நிற்கும் வெள்ளி என்றுகூட விளக்கியிருக்கிறேன். வகுப்பில் பாடம் எடுத்துப் பழகிய வாய். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவன் சரியாகப் பிடித்து வைத்துக்கொண்டான்.

போன குற்றால சீசனில் நல்ல சாரல். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாமல் நாறியது. மேலகரத்து வீட்டில் ஓடு விலகி, பீரோ மேல் தண்ணீர் ஒழுகியிருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மதினி போன் பண்ணினாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"ஏட்டி, ஒங்க அண்ணன் அந்தப் பிலிம் டப்பாவத் தொறந்துட்டாவ. வெளக்குத் தேய்க்க மாதிரி தேய்ச்சிக்கிட்டு இருக்காவ. எனக்கென்னமோ சரியாப் படல. நீ வந்து பாத்துக்கோ."

நான் இருக்கும் தென்காசியிலிருந்து மேலகரம் பக்கம்தான். ஆனால் சீசன் வெள்ளிக்கிழமை. குற்றாலத்துக்குப் போகிற கார்களும் வேன்களும் சாலையை அடைத்துக்கொண்டு, உள்ளே ஆட்கள் தலையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருக்க, நகர்ந்துகொண்டிருந்தன. என் ஸ்கூட்டரில் நான் அடித்த ஹாரனில் ஒரு வேன் முழுக்கத் திரும்பி என்னைத் திட்டியது. நானும் திட்டினேன்.

அண்ணன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கம் தேய்த்துக் கழுவிய வெள்ளிக் குத்துவிளக்கும் குங்குமச் சிமிழும். இன்னொரு பக்கம் அப்பாவின் நெகட்டிவ் பட்டைகள், வரிசையாக, ஈரமாக. நடுவில் ஒரு கிண்ணம் திருநீறு. எங்கள் வீடுகளில் வெள்ளிச் சாமானைத் திருநீறு தொட்டுத்தான் துலக்குவார்கள், பவுடரை விடப் பளிச்சென்று ஆகும். அவன் ஒரு பட்டையை உள்ளங்கையில் பரத்தி, ஈரத் துணியில் திருநீறைத் தொட்டு, மங்கலான பக்கத்தைச் சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"பூசணம் புடிச்சிருக்கு" என்றான் தலையைத் தூக்காமல். "நீதான சொன்ன, பிலிம்ல இருக்கது வெள்ளின்னு. துன்னூறு போட்டா அழுக்கு எப்பிடி எடுக்கு பாரு."

துணி கறுத்திருந்தது. அவன் அதை அழுக்கு என்று நினைத்தான். அது அம்மா.

நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தது நினைவிருக்கிறது. ஒவ்வொரு பட்டையாக ஓரத்தைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒழுகிய தண்ணீரில் ஜெலட்டின் ஊறி மெத்தென்று ஆகியிருக்கிறது; தேய்த்ததும் கஞ்சி போல வழிந்துவிட்டது. மரம் இருந்தது, சேலை இருந்தது, கை இருந்தது. கழுத்துக்கு மேலே மட்டும் தெளிந்த கண்ணாடி. எல்லாப் படத்திலும் அப்படித்தான்.

"ஏன் முகத்த மட்டும்?" என்று கேட்டேன்.

"மொகந்தான தெளிவாத் தெரியணும்? அதான் அங்கன நல்லா அழுத்தித் தேய்ச்சேன்" என்றான்.

ஒரு மனிதனை அடிக்கக் கை எழுந்து அதை மற்றொரு கையால் பிடித்துக்கொள்வது என்று சொல்வார்களே, அன்றைக்கு அதை நிஜமாகவே செய்தேன். அவன் எழுந்து நின்று, ஸ்டேஷனில் நின்ற பழக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க அம்ம படத்த நான் தொடைக்கதுக்கு ஒங்கிட்ட பெர்மிஷன் வாங்கணுமா? ஒனக்கு என்னட்டி தெரியும் அவளப் பத்தி?" என்றான்.

குப்பை முறத்தில், காய்ந்த பூவோடு, பிலிம் கட்டி ஒன்று கிடந்தது. மூன்று பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகியிருந்தன. பிரிக்க வரவில்லை என்று அவன் தூக்கி எறிந்தது. பிரிக்க வராததால் அவன் திருநீறு உள்ளே போகவில்லை. அதை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினேன். "வீட்டுச் சாமான வெளிய கொண்டுபோவாத" என்றான். குப்பையைத்தான் எடுத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மதினி வாசலில் தலையைக் குனிந்துகொண்டு வழிவிட்டாள்.

தென்காசியில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். எனக்குத் தைரியம் இல்லை, பழகியவர் யாராவது பிரித்துத் தந்தால் தேவலை என்று நினைத்தேன். கடைக்காரர் கட்டியை நகத்தால் நெம்பப் பார்த்தார். கையைத் தட்டிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"எதுக்குக்கா இவ்ளோ சிரமம்? மாட்டி வச்சிருக்க படத்த போன்ல எடுத்து அனுப்புங்க. ஏஐ-ல போட்டு கலராக்கித் தாரேன். கண்ணு சிமிட்டும், சிரிக்கும். இப்ப எல்லாரும் அதான் கேக்காவ."

"அவங்க சிரிச்சாங்களான்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"சிரிச்சாத்தானக்கா நல்லாருக்கும்" என்றார்.

ஏற்கெனவே ஒருவர் தூரிகையால் செய்துவிட்டார், உங்களுக்கு வேலை மிச்சம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. எல்லோரும் சேர்ந்து ஒருத்தியைச் சிரிக்கவைக்கப் பாடுபடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து நானே உட்கார்ந்தேன். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி ஒரு கண்ணாடித் தட்டில் ஊற்றினேன். குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கும், வெந்நீரில் ஜெலட்டின் கரைந்தே போய்விடும். அறைச் சூட்டில் இருக்கும் சுத்தத் தண்ணீர்தான் ஆகும். கட்டியை அதில் அமிழ்த்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். இந்த வேலையில் மொத்தப் பாடும் இதுதான், இழுக்காமல் இருப்பது. பசை தானாக இளகி, பட்டை தானாக நழுவ வேண்டும். என்னைப் போன்ற ஆளுக்கு அது தண்டனை. இரண்டு முறை எழுந்துபோய் வேண்டாத பாத்திரத்தை எல்லாம் கழுவினேன். ஒருமுறை அண்ணனை மனதுக்குள் முழுசாகத் திட்டி முடித்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

மேல் பட்டை முதலில் நழுவியது. அதில் இருந்த படம் பிலிமை விட்டுக் கழன்று, பாலாடை மாதிரித் தண்ணீரில் மிதந்து மடங்கிக்கொண்டது. போயிற்று. கீழ்ப் பட்டை பாதிக்குப் பாதி. நடுவில் இருந்தது சாயங்காலம் ஆனபோது, எதையும் விட்டுக்கொடுக்காமல், முழுசாகப் பிரிந்து வந்தது. ஓரத்தில் கிளிப் போட்டுக் குளியலறையில் தொங்கவிட்டேன். விசிறி போட்டால் தூசி ஒட்டும், ஹேர் டிரையர் வைத்தால் பிலிம் சுருண்டுவிடும். சாரல் காலத்தில் அது காயும்வரை பக்கெட்டும் கையுமாகக் கிணற்றடிக் குழாயில் குளித்தேன்.

காய்ந்ததும் ஸ்கேனரின் பிலிம் சட்டத்தில் பொருத்தினேன். பிலிம் கண்ணாடியைத் தொட்டால் எண்ணெய் மிதந்த மாதிரி வளையம் விழும்; தொடாமல் உயர்த்தி வைத்தேன். பல்பால் ஊதினேன். மூடியை மூடினேன். ஸ்கேனர் முனகிக்கொண்டே நகர்ந்தது. திரையில் மேலிருந்து கீழாகப் பாறையும், அருவித் தண்ணீரும், ஒரு பையனின் தலையும் வந்தன. கறுப்பை வெள்ளையாக மாற்றினேன்.

ஐந்தருவிப் படிக்கட்டு. ஈரச் சேலையைப் பிழியாமல் இழுத்துச் செருகிக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள். இடுப்பில் நான், மூக்கு ஒழுகிக்கொண்டு. இடது கையில் அண்ணனின் மணிக்கட்டு, நசுங்கிவிடும் போலப் பிடித்திருக்கிறாள். நெற்றி சுருங்கியிருக்கிறது. வாய் பாதி திறந்திருக்கிறது, ஒரு வசவின் நடுவில். நேராகக் கேமராவைப் பார்க்கிறாள், அப்பாவைப் பார்க்கிறாள், அதைக் கீழே வையும் என்கிற பார்வை. அண்ணன் அழுகிற நிலையில் இருக்கிறான். அந்த நெற்றிச் சுருக்கம் எங்கே விழுகிறது, மூக்கு எப்படி விடைக்கிறது என்பதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம்தான்.

நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். பிறகு அழுதேன். அழுது முடித்தும் கோபம் போகவில்லை, அதுவும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரைக் கொண்டு பிறந்தாய் என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டானே.

அவளை அப்படி எது கோபப்படுத்தியது? அப்பா கேட்காமல் படம் எடுத்ததா, அண்ணன் தண்ணீரில் ஓடினானா, நான் சளியோடு நனைந்ததா? படத்தில் இருக்கும் மூவரில் அதைச் சொல்லக்கூடியவன் ஒருவன்தான். பத்து வயதுப் பையனுக்குக் கட்டாயம் நினைவிருக்கும்; மணிக்கட்டு அவனுடையது. மறுநாள் காலை லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு மேலகரம் போனேன். சண்டைக்குத்தான் போனேன். மெதுவாக நடப்பாள், சிரித்த முகம் என்று அவன் அளந்த எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிறகு கேட்க வேண்டியதைக் கேட்கலாம் என்று வழி முழுக்க வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன்.

அண்ணன் முறைத்தான். மதினி மேசையைத் துடைத்து இடம் பண்ணினாள். திரையைத் திறந்து அவன் முன்னால் தள்ளினேன். அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தான். அவன் முகம் மெல்லத் தெளிந்தது.

"ஐந்தருவி" என்றான். "இது நான்லா! அந்த டவுசர் எனக்கு ஞாபகமிருக்கு. இடுப்புல இருக்கது நீ, பாத்தாலே தெரியுது." விரலைத் திரையில் நகர்த்தினான். "சரி, இந்தப் பொம்பள யாருட்டி? அத்தையா?"

சமையலறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்த மதினி, அம்மாவைக் கண்ணால் கண்டிராதவள், திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

"அம்ம" என்றேன்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தான். மறுபடி பார்த்தான். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், திரும்பவும் சுவரைப் பார்த்தான். அவன் என்னிடம் பொய் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. சுவரில் இருந்ததைப் பார்த்துத்தான் இத்தனை காலம் சொல்லியிருக்கிறான். அவனிடமும் ஒன்றும் இல்லை. அவன்மேல் எனக்கு இருந்த கோபங்களில் அதுவே பெரிய கோபம், இன்றைக்கும் இறங்காதது: அம்மாவைத் தெரிந்த ஆள் ஒருவன் உயிரோடு இருக்கிறான் என்று என்னை நம்பவைத்துவிட்டான்.

அப்புறம், ஏட்டையா குரல் எல்லாம் போய், பக்கத்தில் நிற்கிற என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்.

"எதுக்குட்டி அம்ம இவ்ளோ கோவமா இருக்கா?"

எனக்கு எப்படித் தெரியும்? அதை அவனிடம் கேட்கத்தான் நான் வந்திருந்தேன்.